ஏழாம் கட்டத்தில் என்ன எழுதுவது

எனக்கும் என் தம்பிக்கும் ஒரே அம்மா, ஒரே அப்பா. ஒரே கோயிலில்தான் இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் அடையாள அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் இந்தியா, அவன் பமா, பர்மாவின் பெரும்பான்மை இனம். நான் அட்டை வாங்கப் போன அன்று மேசையில் இருந்தவர் என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இனம் என்ற இடத்தில் இந்தியா என்று எழுதினார். மூன்று வருடம் கழித்துத் தம்பி வகுப்புப் பிள்ளைகளோடு கூட்டமாகப் போனான். எழுதியவருக்குப் பசி நேரம் போலும், வகுப்பு முழுவதையும் பமா என்று எழுதித் தள்ளிவிட்டார். இதைத் திருத்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் மீன் குழம்பில் நடுத்துண்டு வேண்டுமென்றால் தம்பி, "நான் ஊர்க்காரன், நீ வந்தேறி, சட்டிய இந்தப் பக்கம் தள்ளு" என்பான்.

இப்படி ஒரு வீட்டில் பிறந்த என்னைப் பிடித்து, சிறையில் யார் என்ன இனம் என்று எழுதும் வேலையில் உட்கார வைத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

எட்டொன்பது வருடம் இருக்கும். வெளிநாட்டுப் பணம் யங்கூனுக்குத் தாராளமாக வந்துகொண்டிருந்த காலம். எங்கள் அலுவலகம் லான்மடாவில், வற்றல் மிளகாய் மூட்டைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. படி ஏறி வருகிறவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். தலைவி ஒரு பர்மிய வழக்கறிஞர், எல்லோரும் சயாமா என்று கூப்பிடுவோம், படித்த பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் தெரியும் என்பதால் என்னை வைத்திருந்தார்கள். அப்பா கிளார்க்காக இருந்தவர். காகிதத்தை ஒழுங்காக வைக்கும் புத்தி அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. சின்னச் சின்ன வழக்குகளில் பிடிபட்டு, ஜாமீன் நிற்க ஆளில்லாமல், விசாரணைக்காக மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வக்கீலையும், வார்டில் குடும்பத்தார் பெயர் பதிந்த வீட்டுப் பட்டியல் வைத்திருக்கும் இரண்டு ஜாமீன்தாரர்களையும் ஏற்பாடு செய்து வெளியே கொண்டுவர வேண்டும். பணம் கொடுத்த அறக்கட்டளை கூடுதலாக ஒன்று கேட்டது. எந்த இனத்தார் அதிக நாள் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், அதிக நாள் கிடக்கும் சிறுபான்மையினரை முதலில் வெளியே எடுக்க வேண்டும். பமாக்கள் காத்திருப்போர் பட்டியலில் போவார்கள். படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டம் லூம்யோ, அதாவது இனம்.

வேலை தொடங்கிய மாதமே அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அமெரிக்காக்காரர். கருப்பாக, உயரமாக, சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கிறவர். தும்மிக்கொண்டே உட்கார்ந்து, தம் ஊர்ச் சிறைகளைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் சின்னக் குற்றம்தான், ஜாமீனுக்கு வழியில்லாமல்தான் கிடப்பார்களாம். யார் கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களாம். "என் நிறத்துக்காரர்கள்தான். எண்ணிய காகிதத்தைக் கொண்டுபோய் நீதிபதிகள் முன்னால் வைத்தோம். எண்ணும்வரை அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. எண்ணிய பிறகு முடியவில்லை" என்றார். சயாமாவுக்கு நான் அதைப் பர்மியத்தில் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. நம்மவர்களையும் யாராவது இப்படி எண்ணியிருந்தால் என்று நினைத்தேன்.

பிறகு வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "எண்ணும்போது யாராவது இனத்தை மாற்றிச் சொல்லவில்லையா?" அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டதும் தம் முன்னங்கையை நீட்டிக் காட்டி, "இதை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?" என்றார். நான் என் கையையும் பார்த்தேன். என் கையும் கருப்புத்தான். ஆனால் என் தம்பியின் கையும் கருப்புத்தான்.

மழை தொடங்கியிருந்த ஒரு நாள், தாகேதாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் பிளாஸ்டிக் கூடை, கூடவே பத்து வயது மகள். அந்தக் குழந்தை உட்காரவே இல்லை. "ஏன் ஆண்டி எல்லாரும் தும்முறாங்க? கீழ எத்தன மூட்ட இருக்கு? நீங்க தும்ம மாட்டீங்களா?" என்று தமிழில் தொணதொணத்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தது.

"சும்மா இருடி" என்று அதட்டிவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். "அக்கா, எங்க ஊட்டுக்காரு உள்ள இருக்காரு. ஏழு வாரமாச்சு. ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணுமாம். எங்க யக்வெயில ஆருமே வர மாட்டேங்குறாங்க."

யக்வெ என்றால் வார்டு. அவள் கணவன் சைக்கா ஓட்டுகிறவன், பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி. சந்தைச் சந்தில் பிரேக் பிடிக்காமல், நின்றிருந்த காரை உரசிவிட்டான். கார்க்காரர் அடிக்க வந்தார். இவன் தள்ளிவிட்டான். அதற்குத்தான் ஏழு வாரம்.

நான் படிவத்தை எடுத்து அவள் சொன்ன பெயரை எழுதினேன், முருகன் பெயர்களில் ஒன்று. ஏழாம் கட்டத்துக்கு வந்ததும் அவளைக் கேட்கவே இல்லை. வருடா வருடம் காவடி எடுக்கிறவன் என்று அவளே சொல்லியிருந்தாள், கேட்க என்ன இருக்கிறது? தமிழ் என்று எழுதினேன். இது முன்னுரிமைப் பட்டியல், இரண்டு வாரத்தில் வந்துவிடுவான் என்றேன். அவள் கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து என் மேசையில் வைத்தாள்.

சந்திப்பு நாளில் அவளோடு நானும் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காவலர் ஒருவர் என் படிவத்தில் இருந்த பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. "அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை" என்று தாளைத் திருப்பித் தந்தார். பக்கத்தில் நின்றவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, அது ஊட்டுல கூப்புடுற பேராச்சே!"

எனக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும். நம்மவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்கு ஒரு பெயர், அட்டைக்கு ஒரு பர்மியப் பெயர். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தபோது பேப்பரில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு, யார் இவர் என்று விசாரித்த பிறகுதான் அழப் போனோம். அவள் பர்மியப் பெயரைச் சொன்னாள். உடனே வந்துவிட்டான்.

மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். மகளைப் பற்றிக் கேட்டான், சிரித்தான், கையெழுத்துப் போடப் பேனாவையும் வாங்கிக்கொண்டான். பிறகு படிவத்தை வாசித்தான். நம்மவர்கள் யாரும் வாசிப்பதில்லை, காட்டிய இடத்தில் போடுவார்கள். இவன் வரி வரியாக வாசித்தான். விரல் ஏழாம் கட்டத்தில் நின்றது.

"இத ஆரு எழுதுனது?"

"நான்தாம்ப்பா."

"நான் போட மாட்டேன்க்கா."

எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்ய வந்தவளுக்கு வருகிற கோபம் வேறு எந்தக் கோபத்தையும் விட மோசமானது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். "ஏன், தமிழன்னு சொல்ல வெக்கமா இருக்கா?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்கப்பா ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு. அவரோட மேஸ்திரி பமா. அவரே அட்ட ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி, இவன் எங்க வீட்டுப் பையன்னு சொல்லி எழுத வச்சாரு. அதுலேருந்து நாங்க பமா, புத்த மதம். காவடி எடுக்குறேன், அது வேற." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பாப்பாவுக்குப் பத்து வயசாச்சு. அடுத்த மாசம் ஸ்கூலுக்கு அட்ட எழுதுறவங்க வராங்க. என் அட்டயப் பாத்துத்தான் அதுக்கு எழுதுவாங்க. இப்ப போயி நான் தமிழுன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அந்தப் பேப்பரு எங்க போவும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீ உள்ள கெடந்தா அட்டயவா பொங்கித் திங்கிறது?" என்று அவன் மனைவி கத்தினாள்.

"ஒன் அட்டய நெனச்சுத்தான்டி சொல்றேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னாள். அவள் அட்டையில் இந்தியாவும் பமாவும் கலந்தது என்று இருக்கிறதாம். அதை வாங்க மூன்று வருடம் அலைந்தாளாம். தாத்தாவின் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்றுகூடக் கேட்டார்களாம். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சயாமாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட்டையில் பமா என்றால் பமா என்று எழுதி வரிசையில் வை" என்றார். அந்த வரிசை நீளமானது. ஏழு வாரம் ஏழு மாதமாகும். அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒருவர் வீட்டில் தமிழர், அட்டையில் பமா, அவருக்கு உதவலாமா? அந்த அம்மாளே பதில் போட்டார், அன்பாக, நீளமாக. யாரும் யார் மீதும் இனத்தைத் திணிக்கக் கூடாது, அவர் தம்மை யாரென்று சொல்கிறாரோ அதையே எழுதுங்கள் என்றார்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. அடுத்த சந்திப்பு நாளில் போய்க் கேட்டேன். "ஒன் வாயால சொல்லு. நீ யாரு?"

"ஆரு கேக்குறாங்கங்கிறதப் பொறுத்துக்கா."

"நான் கேக்குறேன்."

"நீங்களா, ஒங்க ஆபீசா?"

அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அமெரிக்க அம்மாள் சொல்வது நியாயம், எண்ணாவிட்டால் யாருக்கும் தெரியாது. இவன் சொல்வதும் நியாயம், எண்ணினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு நியாயத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் நம்மவர் புத்திதான் எனக்கு உதவிக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்றால் படிவம் மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? இரண்டு தாள் எழுதினேன். கோர்ட்டுக்குப் போகிற தாளில் பர்மியப் பெயர், ஏழாம் கட்டத்தில் பமா. அதில் அவனிடம் கையெழுத்து வாங்கினேன். அறக்கட்டளைக்குப் போகிற தாளில் பெயர் கிடையாது, கோப்பு எண் மட்டும், ஏழாம் கட்டத்தில் தமிழ். அந்தத் தாளைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை, சயாமாவிடமும் சொல்லவில்லை. அவன் முன்னுரிமைப் பட்டியலில் வந்துவிட்டான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, கீழே போய் மீன் குழம்பு ஊற்றிய சேமியா, ஒரு தட்டு மொஹிங்கா சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததை எழுத இன்னும் கை கூசுகிறது. ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு, எல்லாத் தாளும் இடது மூலையில் ஒரே குண்டூசியில் என்பது அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். தனியாக விட்ட தாள் தொலைந்துபோகும் என்பார். இரண்டு தாளிலும் ஒரே எண். என் கை தானாக இரண்டையும் சேர்த்துக் குத்திவிட்டது. வக்கீல் அந்தக் கோப்பை அப்படியே கோர்ட்டில் கொடுத்தார்.

பெஞ்ச் கிளார்க் புரட்டினார். நின்றார். திரும்பவும் புரட்டினார். ஒரே எண், ஒரே ஆள், மேல் தாளில் பமா, கீழ்த் தாளில் தமிழ், நடுவில் அட்டையின் நகல். எது சரி என்று கேட்டார்கள். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. கூண்டில் நின்றவன் என்னைப் பார்க்கவே இல்லை. அட்டை உண்மையா என்று சரிபார்க்க அனுப்பினார்கள். ஜாமீன் தள்ளிப்போனது. அட்டையும் போய்விட்டது.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு அட்டை எழுதுகிறவர்கள் வந்தார்கள். குழந்தைக்குத் தலை வாரி, முகத்துத் தனாகாப் பூச்சைக் கழுவி, புகைப்படமும் எடுத்து வைத்திருந்தார்கள். அப்பாவின் அட்டை எங்கே என்று கேட்டார்களாம். விசாரணையில் இருக்கிறது என்றதும் வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார்களாம். வகுப்பில் எல்லோரும் வாங்கினார்கள். அந்தப் பெண் படி ஏறி வந்து இதை என்னிடம் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் புகைப்படம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "ஒங்க ஃபைல்ல வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இன்னும் ஆறு வாரம் கழித்துக் கார்க்காரரே அலுத்துப்போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றார். எங்கள் உதவி எதுவும் இல்லாமல் அவன் வெளியே வந்தான். மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டீ வைத்தேன், தொடவில்லை.

"நீங்க நல்லது செய்யத்தான் வந்தீங்க. அது எனக்குத் தெரியும்க்கா" என்றான். "இனிமே எங்களுக்குச் செய்யாதீங்க."

அவ்வளவுதான். எழுந்து போனான். டீயின் மேல் ஆடை படிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தி தாகேதாவில் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த நம்மவர்கள் தும்மலோடு படியேறும்போதே "நாங்க பமா" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நானும் அப்படியே எழுதினேன். அவர்கள் நீள வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். வருடக் கடைசியில் அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில், வண்ண வண்ணக் கட்டை வரைபடங்களோடு. எங்கள் இனத்தின் கட்டை முந்திய வருடத்தைவிடக் குட்டையாகியிருந்தது. உள்ளே இருக்கும் தமிழர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். சைக்காக்காரனும் அதில் விடுதலையான ஒரு தமிழனாக இருந்தான். அமெரிக்க அம்மாள் என்னைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார். உண்மையைச் சொல்லி நான்கு முறை பதில் எழுதினேன். சொன்னால் பணம் நின்றுவிடும், நின்றால் வரிசையில் இருக்கிறவர்கள் கதி என்ன என்று நான்கு முறையும் அழித்தேன். நான் கோழையா, விவரமானவளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நன்றி என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பிறகு ராணுவம் வந்து காலம் கெட்டது. அறக்கட்டளை போய்விட்டது. அலுவலகத்தையும் மூடினார்கள். மிளகாய்க் கடை மட்டும் இன்னும் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது கதவு தட்டுகிற சத்தம். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி குடையோடு நின்றாள். அவள் சிரித்த பிறகுதான் புரிந்தது, மூட்டை எண்ணிய குழந்தை. "வாம்மா, உள்ள வா" என்றேன் தமிழில். அவள் பர்மியத்தில் பேசினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நானும் பர்மியத்துக்கு மாறிக்கொண்டேன்.

தையல் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறதாம். அட்டை இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். இப்போது பஸ்ஸில் போனாலும் வழியில் நிறுத்தி அட்டை கேட்கிறார்கள், இல்லையென்றால் இறக்கிவிடுகிறார்கள். எட்டு வருடமாக அவள் தாகேதாவை விட்டுத் தூரமாகப் போனதே இல்லை, த்வாண்டேயில் நடந்த சிநேகிதி கல்யாணத்துக்குக்கூட. அப்பாவின் அட்டை எப்போதோ திரும்பி வந்துவிட்டதாம். ஆனால் இவள் மனு மட்டும் அந்தப் பழைய தாளில் இடித்து நிற்கிறதாம். அதை எழுதியவரே, தவறாக எழுதினேன் என்று வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் தீரும் என்று சொல்லியிருக்கிறார்கள். "அம்மாதான் அனுப்பினாங்க, ஆண்டி. அப்பாவுக்குத் தெரியாது."

அன்று மதியமே உட்கார்ந்து எழுதினேன். இன்னாரைத் தமிழர் என்று நான் எழுதியது தவறு. விசாரிக்காமல் எழுதிவிட்டேன். அவர் பமா. மூன்று வரி. விசாரிக்காமல் எழுதினேன் என்பது ஒன்றுதான் அதில் உண்மை.

மறுநாள் இருவரும் வார்டு அலுவலகம் போனோம். அங்கிருந்த அலுவலர் மரியாதையான மனிதர், இருக்கச் சொன்னார், கடிதத்தைப் பொறுமையாக வாசித்தார். பிறகு என் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"நீங்கள் இந்தியா அல்லவா, சயாமா" என்றார். "உங்கள் ஆளுக்கு நீங்களே சொன்னால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதியது இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்துக்குப் பமா ஒருவரைக் கூட்டி வாருங்கள்."

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டேன். லான்மடாவில் கைபேசி உறை விற்கிறவன், வெற்றிலையை மென்றுகொண்டே கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. அலுவலர் அவன் அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார், காட்டிய இடத்தில் தம்பி கையெழுத்துப் போட்டான். அவர் முன்னால் என் அட்டையும் அவன் அட்டையும் சேர்ந்தே கிடந்தன. இரண்டிலும் அப்பா பெயர் ஒன்றுதான். எங்கள் மூக்கும் ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. முத்திரை குத்தினார்.

"ஊர்க்காரன் கையெழுத்துக்கு இருக்குற மவுசப் பாத்தியா? டீ வாங்கிக் குடு" என்றான் தம்பி வாசலில். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்க் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

இரண்டு மாதத்தில் அட்டை வந்துவிட்டது. அவளே வந்து என்னைத் தாகேதாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அப்பா வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. நான் செய்ததை மனைவி சொல்லியிருக்க வேண்டும். எழுந்து இடம் விட்டான். மகள் அட்டையை அவன் கையில் வைத்தாள். அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாசித்ததுபோலவே வரி வரியாக வாசித்தான். விரல் இனம் என்ற இடத்தில் நின்றது. பிறகு என்னிடம் நீட்டினான்.

"சரியா இருக்கான்னு பாருங்கக்கா."

பார்த்தேன். பமா என்று அழகான கையெழுத்தில் இருந்தது. "சரியா இருக்குப்பா" என்றேன்.

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றான். எட்டு வருடத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையில் எனக்கு உயிரே வந்தது.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் தோளைத் தட்டிப் பர்மியத்தில் கேட்டாள்: "ஆண்டி என்ன சொன்னாங்க?"

நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஸ்கூல்ல அட்ட நின்ன அன்னைக்கே அவரு சொல்லிட்டாருக்கா. பாப்பாகிட்ட இனிமே ஊட்டுல ஆரும் தமிழ் பேசக் கூடாதுன்னு. வெளிய எங்கியாச்சும் வாய் தவறி வந்துரும்னு பயம். மொதல்ல அது எங்ககிட்ட வந்து வந்து பேசும், நாங்க பதில் சொல்ல மாட்டோம். அப்புறம் மறந்துருச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. அதில் இருந்தது எல்லாம் சரிதான், இப்போது எழுத்துக்கு எழுத்துச் சரி. அவளுக்கு அதைப் பர்மியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, டீயை வாங்கிக் குடித்தேன்.